என் நிறத்தை ஒப்பந்தத்தில் எழுதிய கதை

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சாலையோரம் என் படம் போட்ட விளம்பரப் பலகை ஏறியது. ஒரு ஜவுளிக்கடைக்காக நான் பட்டுச்சேலை உடுத்தி நின்ற படம். சேரன்மகாதேவியில் தையல் கடை வைத்திருக்கும் என் அம்மா, லைனிங் துணி எடுக்க டவுனுக்கு வந்தவர், அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு பஸ் ஏறிப் போனார். சற்று நேரத்தில் எனக்குப் போன் வந்தது. "உன் படத்தை எடுத்துவிட்டார்களா? வேறு ஒரு பிள்ளை நிற்கிறதே" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "இரு, ரவிக்கை நான் தைத்தது. கைக்கு மயில்கழுத்து நிறத்தில் பைப்பிங் வைத்திருக்கிறேன். நீதான்" என்றார். பெற்ற தாய் என் முகத்தை வைத்து என்னைக் கண்டுபிடிக்கவில்லை, தன் தையலை வைத்துக் கண்டுபிடித்தார்.

மறுநாள் காலை நானே போய்ப் பார்த்தேன். முகம், கழுத்து, வலது கை எல்லாம் கோதுமை மாவு நிறத்துக்கு மாறியிருந்தன. இடது கையில் முழங்கைக்குக் கீழே மட்டும் என் நிறம் அப்படியே இருந்தது. அடுக்கடுக்காக வளையல் போட்டிருந்ததால் அந்த இடத்தை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றேன். அன்று தொடங்கி என் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்ப்பதற்கு ஒன்றரை ஆண்டு ஆனது. இந்த மாடலிங் தொழிலுக்கு வர நினைக்கும் நம் ஊர்ப் பெண்களுக்குப் பயன்படும் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். பள்ளியில் என்னைப் 'பனைமரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். உயரத்தையும் கருப்பையும் சேர்த்து ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். பாளையங்கோட்டையில் பி.காம். படிக்கும்போது கல்லூரி விழா ஒன்றில் மேடையில் நடந்தேன். கல்யாணப் படம் எடுக்கும் டவுன் அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ஆடித் தள்ளுபடி நோட்டீசுக்கு என்னை அழைத்தார். முதல் சம்பளம் 2,500 ரூபாய். அன்று ஒரே நாளில் 40 சேலை. மடிப்பு எடுத்து ஊக்குக் குத்திச் சேலைகளைத் தயாராக வைத்திருப்பார்கள், நாம் போய் நிற்க வேண்டியதுதான். ரவிக்கை பெரிதாக இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பார்கள். முன்னால் பார்த்தால் கச்சிதமாக இருக்கும், பின்னால் ஏழெட்டுக் கிளிப்புகள் சதையைக் கவ்விக்கொண்டிருக்கும். மாலையில் கால் வீங்கிவிட்டது. இருந்தும் அந்த வேலை எனக்குப் பிடித்தது. கேமராவின் முன் நிற்கும்போது என் உயரத்தைக் குறுக்கிக்கொள்ளத் தேவையில்லை என்று முதன்முதலாக உணர்ந்தேன்.

சென்னைக்குப் போனபோது முதலில் ஏமாந்தேன். ஓர் அலுவலகத்தில் பதிவுக்கும், போர்ட்ஃபோலியோ என்கிற படத் தொகுப்புக்கும் சேர்த்து 60,000 ரூபாய் என்றார்கள். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்தில் 15,000 முன்பணம் கட்டினேன். படம் எடுத்தார்கள், வேலை ஒன்றும் வரவில்லை, பிறகு போனையும் எடுக்கவில்லை. முறையான ஏஜென்சி நம்மிடம் முதலில் பணம் கேட்காது. வேலை வாங்கிக் கொடுத்து, வருகிற தொகையில் பங்கு எடுத்துக்கொள்ளும். இப்போது நான் இருக்கும் இடத்தில் அது 20 சதவீதம். பதிவுக் கட்டணம் என்ற பேச்சு வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையான ஏஜென்சிகள் கேட்டது செலவில்லாத படங்களைத்தான். 'டிஜிட்டல்ஸ்' என்பார்கள். பகல் வெளிச்சத்தில், ஒப்பனை இல்லாமல், தலைமுடியை இழுத்துக் கட்டி, உடம்போடு ஒட்டிய சாதாரண உடையில், முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், முகம் மட்டும் என்று எடுக்க வேண்டும். எங்கள் மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் தம்பி போனில் எடுத்தான். முதல் படங்களில் என் முகம் வெறும் நிழல். வெள்ளைச் சுவரைப் பார்த்ததும் போன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது, கருத்த முகம் அதில் மூழ்கிப்போகிறது. முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை ஏற்றி எடுத்தபின் கண், மூக்கு, கன்னத்தின் பளபளப்பு எல்லாம் வந்தன. கருப்பாக இருப்பவர்களைப் படம் எடுப்பது கடினம் என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்தொன்பது வயதுப் பையன் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்ட விஷயம் அது.

ஒப்பனைக்கும் இதே நிலைதான். நம் நிறத்தைவிட வெளுப்பான ஃபவுண்டேஷன் போட்டால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி கலந்த கிரீம் பூசிவிட்டு ஃபிளாஷ் அடித்தால் முகம் மட்டும் தனியாக வெளுத்துத் தெரியும். ஆகவே இரண்டு ஷேடு வாங்கி, தாடை ஓரத்தில் தடவி வெயிலில் பார்த்து, கலவை அளவைக் குறித்து வைத்திருக்கிறேன். எந்தப் படப்பிடிப்புக்குப் போனாலும் அந்தச் சிறிய பெட்டியும் என் கூடவே வரும்.

எடை பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. சொல்லாமல் விடவும் முடியாது. அப்போது நான் 56 கிலோ. ராம்ப் வேலை, அதாவது ஃபேஷன் மேடையில் நடக்கும் வேலை, வேண்டுமானால் ஐந்து கிலோ குறைக்க வேண்டும் என்று ஓர் ஒருங்கிணைப்பாளர் சொன்னார். காலையில் ஒரு இட்லி, இரவில் ஒரு வெள்ளரிக்காய் என்று இரண்டு மாதம் இருந்தேன். மாதவிலக்கு நின்றது. எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கும்போது கண் இருட்டியது. ஊருக்கு வந்ததும் ரவிக்கை தைக்க அளவெடுத்த அம்மா, இடுப்பில் நாடாவைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பழைய நோட்டைப் புரட்டி என் பழைய அளவைப் பார்த்தார். மூன்று அங்குலம் குறைந்திருந்தது. "இந்த அளவுக்கு நான் தைக்க மாட்டேன்" என்று நாடாவைச் சுருட்டி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனார். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். என் உயரத்துக்கு 56 கிலோவிலேயே உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) 18.8தான். 18.5க்குக் கீழே போனாலே எடை குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அவர்கள் கேட்ட 51 கிலோ என்றால் 17. மாட்ரிட் ஃபேஷன் வாரத்தில் குறியீடு 18க்குக் கீழ் இருந்த மாடல்களை 2006லேயே மேடையேற்ற மறுத்திருக்கிறார்கள் என்பதையும் பிரான்சில் 2017 முதல் மாடல்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம் என்பதையும் அதன் பிறகு நானே தேடிப் படித்தேன். அந்த ஒருங்கிணைப்பாளரிடம் வேலை வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய அன்று இரவு வயிறாரச் சோறும் புளிக்குழம்பும் சாப்பிட்டது இன்னும் நினைவிருக்கிறது. ராம்ப் வாய்ப்பு பெரும்பாலும் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

இனி நிறத்துக்கு வருகிறேன்.

பலகையைப் பார்த்த அன்றே கடைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணாச்சி மரியாதையாகவே பேசினார், டீ வரவழைத்தார். "எல்லாருக்கும் செய்வதுதானம்மா, கொஞ்சம் பளிச்சென்று இருந்தால்தான் சேலை எடுபடும்" என்றார். நான் கையெழுத்துப் போட்டிருந்த தாளில் படத்தை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இருந்தது. எத்தனை மாதம், எந்தெந்த இடத்தில் என்றுகூட எழுதவில்லை. படிக்காமல் போட்ட கையெழுத்து. பணமும் நான்கு மாதம் கழித்துத்தான் வந்தது.

பிறகு அந்தப் பலகையை வடிவமைத்த இடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு என்னைக் கண்டதும் சங்கடம். ஆனாலும் திறந்து காட்டினான். என் படத்தின் மேல் தோலுக்கென்று தனியாக ஓர் அடுக்கு. அதை அணைத்தால் நான், போட்டால் வேறொருத்தி. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னேன். "அக்கா, யாரும் எனக்கு இவ்வளவு வெளுக்க வேண்டும் என்று அளவு சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும் செய்யத்தான் வேண்டும்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் கைகளும் என் நிறம்தான்.

சட்டம் ஏதாவது உதவுமா என்று பார்த்தேன். பிரான்சில் விளம்பரப் படத்தில் உடல் வடிவத்தைத் திருத்தினால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும், ஆனால் அது உடம்பை ஒல்லியாகவோ பருமனாகவோ காட்டுவதைப் பற்றியது. இந்தியாவில் விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2014இல் வெளியிட்ட நெறிமுறைகள், கருப்பாக இருப்பவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்கின்றன, ஆனால் அவை சிவப்பழகு கிரீம் போன்ற பொருள்களின் விளம்பரத்துக்கு உரியவை. சேலை விளம்பரத்தில் ஒரு பெண்ணின் தோலை வெளுப்பதற்கு அவை எதுவும் பொருந்தவில்லை. எழுதி வாங்குவது ஒன்றுதான் மிச்சம்.

அடுத்த வேலையில், 'தோல் நிறத்தை மாற்றக் கூடாது' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். வேலையே போய்விட்டது. அதற்கடுத்த இடத்தில் ஒப்புக்கொண்டார்கள், ஆனாலும் வெளுத்த படம்தான் வந்தது. கேட்டால், நிறத்தை மாற்றவில்லை, வெளிச்சத்தைத்தான் சரிசெய்தோம் என்றார்கள். அந்த வரிக்குப் பல்லே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று அதில் இல்லையே.

வழி கிடைத்தது பக்கத்து ஊரான வீரவநல்லூரில். அங்கே நெய்யும் செடிபுட்டா சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செடியும் பூவுமாகப் புட்டா போட்ட சேலை. நான் வேலைக்கு இல்லாத நாளில் உடுத்துவது பெரும்பாலும் அதுவோ சாதாரண நூல் சேலையோதான். தட்டையான செருப்பு, எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, அம்மா பை வைத்துத் தைத்துக் கொடுத்த ரவிக்கை. சென்னையில் இதைப் பார்த்து, 'கிராமத்து லுக்' நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு இது லுக் அல்ல, என் ஆச்சியின் பெட்டியிலிருந்து வந்த பழக்கம். அரக்கும் கடுகு மஞ்சளும் என் நிறத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று ஆச்சிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அங்கே கைத்தறிச் சேலை விற்கும் ஒருவர் இணையத்தில் போடுவதற்குப் படம் எடுக்க என்னை அழைத்திருந்தார். ஒவ்வொரு சேலைக்கும் முதல் ஃபிரேமில் சிறு சிறு நிறக் கட்டங்கள் உள்ள கலர் அட்டை ஒன்றைப் பிடிக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம் என்று சேலை திரும்பி வந்துவிடுகிறது. ஆளை வெளுக்க வெளிச்சத்தை ஏற்றினால் அரக்குச் சேலை குங்கும நிறமாகிவிடும்" என்றார். அவ்வளவுதான். எனக்கு வேண்டிய வரி அந்த அட்டையில் இருந்தது. அன்றிலிருந்து என் ஒப்பந்தத்தில் இப்படி எழுதுகிறோம்: 'வெளியிடும் படத்தில் சேலையின் நிறமும் மாடலின் தோல் நிறமும் கலர் அட்டையோடு எடுத்த முதல் படத்துடன் ஒத்துப்போக வேண்டும். அச்சுக்குப் போகுமுன் மாதிரியை மாடலுக்குக் காட்ட வேண்டும்.' படம் ஓராண்டுக்கு மட்டும், எந்தெந்த ஊடகத்தில், எத்தனை நாளில் பணம், எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் எவ்வளவு என்பனவும் அதே தாளில் உண்டு.

என் ஏஜென்சி இந்த வரியை ஏற்றுக்கொண்டது. கடைக்காரர்களிடம் சேலை திரும்பி வரும் நஷ்டத்தைச் சொன்னால் கேட்கிறார்கள். என் முகத்துக்காகக் கேட்டபோது கிடைக்காதது சேலைக்காகக் கேட்டபோது கிடைத்தது என்பது என்னை இன்னும் உறுத்துகிறது. இப்போதும் ஆறு பேரிடம் கேட்டால் இரண்டு பேர் மறுத்துவிடுகிறார்கள். அந்த வேலைகளை நான் எடுப்பதில்லை.

இந்த ஆண்டு தீபாவளி விளம்பரத்துக்கான மாதிரி அச்சு போன வாரம் வந்தது. ஃபிளெக்ஸில் ஒரு முழ அகலத் துண்டு. தையல் மிஷினுக்குப் பக்கத்தில், வாசல் வெளிச்சத்தில் அதை விரித்துப் படத்தின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தோள் பக்கம் விரலை வைத்து, "இங்கே ஒரு சுருக்கம் விழுகிறது பார், ரவிக்கையைக் கொண்டு வா, பிரித்துத் தைத்துவிடுகிறேன்" என்றார்.