வானம் தோண்டிய கதை

வீடு கட்ட ஆரம்பித்தபோது மேஸ்திரி, "நாளைக்கு வானம் தோண்டிரலாம் சார்" என்றார். எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, அப்புறம் அப்பாவிடம் கேட்டபோதுதான் அது அஸ்திவாரத்துக்குப் பறிக்கிற பள்ளம் என்று தெரிந்தது. தலைக்கு மேலே இருப்பதும் வானம், காலுக்குக் கீழே தோண்டுவதும் வானம்!

அடுத்த குழப்பம் பேஸ்மட்டம். நான் ஏதோ நிலவறை என்று நினைத்து, "நமக்கு அதெல்லாம் வேண்டாமே" என்று சொல்லிவைக்க, சித்தாள் அக்கா சிரித்துவிட்டார். இங்கிலீஷ்காரனுக்கு பேஸ்மென்ட் தரைக்குக் கீழே இருக்கிற அறை. நம் ஊரில் அது தரைக்கு மேலே, வீட்டுத் தளம் வரைக்கும் கட்டுகிற பகுதி, பிளானில் பிளின்த் என்று போட்டிருப்பது. கடைசியில் 'மட்டம்' ஒட்டிக்கொண்டதால் அசல் தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது.

மட்டம் என்றதும் டியூப் மட்டம் ஞாபகம் வருகிறது. இரண்டு இடம் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்கிற கருவி அது; கண்ணாடி மாதிரியான ஒரு ட்யூபில் தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு முனையை இரண்டு கொத்தனார்கள் பிடித்துக்கொண்டு, "ஏத்து, இன்னும் ஏத்து, போதும்" என்று கத்திக் கத்தி, தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் கணக்கு தப்பிவிடுமாம், அதனால் ட்யூபைச் சுண்டிச் சுண்டி விரட்டினார்கள்.

சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கிற தூக்குக்குண்டு, குமிழியை வைத்து மட்டம் பார்க்கிற ரசமட்டம், மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மூலைமட்டம் எல்லாம் சுலபம், பெயரை வைத்தே ஓரளவு வேலையை ஊகித்துவிடலாம். சென்ட்ரிங்தான் இன்னும் புரியவில்லை, கான்கிரீட்டுக்கு அடியில் பலகை அடித்து முட்டுக் கொடுப்பதற்கு அந்தப் பெயர் ஏன்?