மெட்ராஸ் பட்டாளம் உடைச்ச மதிலுக்குள்ள

மணிலா வந்த புதுசுல எங்க வாழ்க்க பூரா ஏசிக்குள்ளதான் போச்சு. வீட்டுக்காரருக்கு ஆபீஸ் மகாட்டில, வீடும் அங்கயே ஒரு கான்டோல, அதான் அடுக்குமாடி ஃப்ளாட்டுல, லிஃப்ட்ல கீழ இறங்குனா கடை, ரோட்ட தாண்டுனா மால், அந்த மால்ல இருந்து அடுத்த மாலுக்கு நடந்தே போயிரலாம், எந்த நாட்டுல இருக்கோம்னே தெரியாது. வெஜிடேரியன்னு சொன்னா ஓகே மேம், சிக்கன் மட்டும் போடவான்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. கோவப்படவும் முடியாது, அவ்ளோ மரியாதையான ஜனங்க.

பாகோ ஏரியால ஒரு இந்துக் கோயில் இருக்குன்னு யாரோ சொல்லி ஞாயித்துக்கிழமை போக ஆரம்பிச்சோம். கோயில் இருக்குற தெருவுக்கு மகாத்மா காந்தி தெருன்னே பேரு. பக்கத்துல இந்தியன் கடைங்க, பருப்பு புளி மசாலா எல்லாம் வாங்கிரலாம். அங்க இருந்து கொஞ்ச தூரந்தான் இன்ட்ராமுரோஸ், அதான் 1571ல ஸ்பெயின்காரங்க தலைநகரமாக்கி அப்புறம் சுத்தி மதில் கட்டுன பழைய மணிலா. ஒரு நாள் சும்மா எட்டிப் பாப்போம்னு போனது, இப்ப கோயிலுக்குப் போனா அங்கயும் போகாம திரும்புறதில்ல.

நடக்குறதுக்கு ஜெனரல் லூனா தெருதான். ஸ்பெயின் காலத்துல அரண்மனைக்குப் போற ராஜவீதி, இப்ப அமெரிக்காக்காரன எதிர்த்து சண்ட போட்ட அன்டோனியோ லூனா பேர்ல இருக்கு. வாசல்ல கால் வைக்குறப்பவே கலேசாக்காரங்க, அதான் குதிரவண்டி, மேம் சர் மேம் சர்னு பின்னாடியே வருவாங்க. ஏறுறதுன்னா முன்னாடியே காசு பேசிருங்க, எவ்ளோ நேரத்துக்குன்னும் சேத்து பேசிருங்க. எனக்கு நடந்தாத்தான் பிடிக்குது. தாஹோ விக்கிறவர் தோள்ல ரெண்டு பக்கமும் பாத்திரம் தொங்கவிட்டு வருவாரு, சூடான சோயா தோஃபு மேல வெல்லப்பாகு, ஜவ்வரிசி, எங்கள மாதிரி சைவத்துக்கு இந்த ஊர்ல அதுதான் தெய்வம்.

சான் அகஸ்டின் சர்ச் 1607ல கட்டி முடிச்சது. 1863 நிலநடுக்கத்துல பக்கத்துல இருந்த கதீட்ரலே விழுந்துச்சு, இது நின்னுச்சு, அப்புறம் வந்த 1880 நிலநடுக்கத்தோட ஒரு கோபுரம் போச்சு, அதான் இப்ப ஒத்தக் கோபுரம். உள்ள மேல பாத்தா விதானம் பூரா பூவும் கொடியும் செதுக்கி வச்ச மாதிரியே இருக்கும், ஆனா மொத்தமும் பெயிண்ட், 1875ல ரெண்டு இத்தாலிக்காரங்க வரைஞ்சது. நாங்க போறப்பல்லாம் ஒரு கல்யாணம் நடக்கும், ஒரு பொண்ணு மாப்பிள வெளிய வர்றதுக்குள்ள அடுத்த பொண்ணு கார்ல காத்திருக்கும்.

எதிர்த்தாப்ல காசா மணிலா, சிப்பிய தகடா இழைச்சு ஜன்னல்ல பதிச்ச வீடு, வெயில் அதுவழியா பால் மாதிரி இறங்குது. அது 1980கள்ல கட்டுனதுன்னு கேட்டதும் என் வீட்டுக்காரர் அப்போ டூப்பான்னாரு. டூப்புதான், ஆனா ஏன்னு தெரிஞ்சா அப்படிச் சொல்ல வாய் வராது. 1945 பிப்ரவரில ஜப்பான்காரங்க உள்ள இருந்து ஜனங்கள கொன்னு குவிச்சாங்க, அமெரிக்காக்காரங்க வெளிய இருந்து பீரங்கியால அடிச்சாங்க, மணிலா முழுக்க சேத்து ஒரு லட்சம் பேர் செத்திருப்பாங்கன்னு சொல்றாங்க. மதிலுக்குள்ள இடியாம நின்ன சர்ச்சு சான் அகஸ்டின் மட்டுந்தான். அதே தெருவுல செத்த குழந்தைய கையில வச்சிருக்குற ஒரு அம்மா சிலை இருக்கு, அத நிறையப் பேரு கவனிக்காம செல்ஃபி எடுத்துட்டுப் போறாங்க, எனக்கு அது பிடிக்கல.

தெருவோட தெக்குப் பக்கம் போனா சான் டியகோ கொத்தளம். அங்கதான் எனக்கு ஆச்சரியம். 1762ல பிரிட்டிஷ் படை இந்தப் பக்கமாத்தான் மதில உடைச்சு உள்ள வந்துச்சு, அந்தப் படை கப்பல் ஏறுனது எங்கன்னு நெனைக்கிறீங்க, மெட்ராஸ்ல! கூடவே அறுநூறு பேர் அளவுக்கு சிப்பாய்ங்க. மெட்ராஸ் பட்டாளம்னா தமிழும் தெலுங்கும் பேசுனவங்க இல்லாமலா இருந்திருப்பாங்க. அப்போ இங்க கவர்னர் பொறுப்புல இருந்தது ஒரு ஆர்ச்பிஷப்பு, அவரு சரணடைஞ்சதும் கிழக்கிந்தியக் கம்பெனியோட மெட்ராஸ் கவுன்சில்ல இருந்த ட்ரேக்னு ஒருத்தர கவர்னரா உக்கார வச்சிட்டாங்க. 1764ல ஊர திருப்பிக் குடுத்துட்டு கெளம்புறப்ப சிப்பாய்ங்கள்ல சிலபேர் கப்பல் ஏறல, கிழக்க காயின்தா பக்கம் போய் அங்கயே பொண்ணு கட்டி தங்கிட்டாங்க, அவங்க வம்சம்னு சொல்லிக்கிற குடும்பங்க இன்னைக்கும் அங்க இருக்கு.

இந்த ஊர்ல இந்தியாக்காரன்னாலே பும்பாய், பைக்ல வந்து அஞ்சு குடுத்து ஆறு வாங்குற வட்டிக்காரன்னுதான் நெனப்பு. எங்க கான்டோல வேல பாக்குற அக்காவே நீங்களும் வட்டிக்கு விடுவீங்களான்னு கேட்டுச்சு. அதுக்கு நான் இந்த சிப்பாய் கதைய சொன்னேன், அது கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு அப்போ கொள்ளையடிக்க வந்தீங்களான்னு கேட்டுச்சு. சரிதான, சான் அகஸ்டின் சர்ச்சையும் சேத்துத்தான் சூறையாடுனாங்க.

அடுத்த மாசம் மாமியார் வர்றாங்க, காயின்தா கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். மணிலா டிராஃபிக்ல காலைல கெளம்புனா மதியச் சோத்துக்குள்ள போயிரலாம்னு நம்புறேன்.