இரண்டு கணினிக்கு நடுவே ஒரு கேபிள் போதும்

வீட்டில் இரண்டு கணினி இருந்தும் பென்டிரைவைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். இன்னும் சிலர், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற அடுத்த கணினிக்குப் போக வேண்டிய வீடியோவை இணையத்தில் எங்கோ ஏற்றி, அங்கிருந்து மறுபடி இறக்குகிறார்கள். நம் குடும்பப் படங்கள் பக்கத்து அறைக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் என் கட்சி.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். இணையத்தைப் பகிர்வது வேறு, ஃபைலைப் பகிர்வது வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் செட் செய்யப் போனால் எது வேலை செய்யவில்லை என்றே பிடிபடாது. வீட்டில் ரவுட்டர் இருந்து இரண்டு கணினியும் அதில் இணைந்திருந்தால் இணையப் பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது, ஃபைல் பாதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் ஒன்றை விருந்தினர் வைஃபையில் போட்டிருந்தால் பெரும்பாலும் அது மற்றதைப் பார்க்க முடியாது.

ரவுட்டர் இல்லை, ஒரு கணினியில் மட்டும்தான் இணையம் வருகிறது என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு ஈத்தர்நெட் கேபிளைச் செருகுங்கள். முன்பெல்லாம் இதற்கென்று தனியாக கிராஸ்ஓவர் கேபிள் (உள்ளே கம்பிகள் இடம் மாற்றிப் பொருத்தப்பட்டது) தேடி அலைய வேண்டியிருந்தது, இன்றைய கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) போர்ட்டுகள் அந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்வதால் சாதாரணக் கேபிளே போதும். அப்புறம் விண்டோஸில், இணையம் வருகிற கணினியின் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பட்டியலைத் திறந்து, இணையம் எந்த வழியாக வருகிறதோ அந்த இணைப்பின் (பெரும்பாலும் வைஃபை) பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் என்ற பகுதிக்குப் போய், மற்றவர்கள் இந்த இணைப்பைப் பயன்படுத்தலாம் என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். கேபிள் இணைப்பில் போடக் கூடாது, பலர் தடுமாறுவது இங்கேதான். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே இருக்கிற வசதி இது.

டிக் போட்டதும் அந்தக் கணினியின் கேபிள் பக்கத்துக்கு 192.168.137.1 என்ற முகவரி வந்துவிடும். அடுத்த கணினிக்கும் 192.168.137 என்று தொடங்கும் முகவரி தானாகக் கிடைக்க வேண்டும். அதில் 169.254 என்று ஆரம்பித்தால், யாரும் முகவரி கொடுக்காததால் அதுவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்த பிறகு பகிர்வு நின்றுபோனாலும் இதே வைத்தியம்தான்.

சரி, ஃபைல். ஃபைலைப் பகிர்கிற கணினியில் (கேபிள் வழி என்றால் அது இணையம் வருகிற கணினியே என்று வைத்துக்கொள்வோம்) நெட்வொர்க் வகை பிரைவேட் என்று இருக்கிறதா பாருங்கள். பப்ளிக் என்று இருந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவலாளியான ஃபயர்வால் கதவைச் சாத்திவிடும். அதற்காக ஃபயர்வாலையே அணைத்துவிடு என்று சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள், பகிர்வதற்கான அனுமதியை மட்டும் கொடுத்தால் போதும். முழு டிரைவையும் திறந்துவிடாமல், பகிர்வதற்கென்றே ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதை மட்டும் பகிருங்கள். அடுத்த கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.137.1 என்று அடித்தால் (ரவுட்டர் வழி என்றால் பகிர்கிற கணினியின் முகவரியை) பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். தினமும் கணினியைத் திறக்கிற நான்கு இலக்கப் பின் (PIN) இங்கே செல்லாது, பாஸ்வேர்டே இல்லாத கணக்கும் செல்லாது. பகிர்கிற கணினியில் இதற்கென்று பாஸ்வேர்டோடு ஒரு தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியோடு பேச வைக்க எஸ்எம்பி 1-ஐ (ஃபைல் பகிர்வின் பழைய நெறிமுறை) இயக்கு என்று எங்காவது படித்தால் அதைச் செய்ய வேண்டாம். 2017-ல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

வேகம்தான் இதில் உண்மையான சந்தோஷம். கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 மெகாபைட் வரை போகும், 10 ஜிபி வீடியோ ஒன்றரை நிமிடத்தில் வந்துவிடும், டிஸ்க் ஈடுகொடுத்தால். அதே வேலைக்குக் கால் மணி நேரம் ஆகிறது என்றால் இணைப்பின் ஸ்டேட்டஸைத் திறந்து பாருங்கள், அநேகமாக 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்று காட்டும். கிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கிற நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஆகவே மீதி இரண்டு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துவிடாமல், சத்தமில்லாமல் வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதைச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, இணையத்தைப் பகிர்கிற கணினி தூங்கினால் அடுத்ததற்கும் இணையம் போய்விடும். அதன் பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நிறுத்திவிட்டு, திரை மட்டும் அணையும்படி வைத்துவிடுங்கள்.