சுவரோரம் ஒரு ஓவியக் கூடம்

பாப்பாவுக்கு ஒன்றே முக்கால் வயசு. ஹால் சுவரில் அவள் இழுத்த கிரயான் கோடுகளைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்த பிறகுதான் புத்தி வந்தது. தடுப்பதைவிட ஒரு மூலையை அவள் பேருக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிடலாம்!

ஜன்னலோரச் சுவரில், அவள் நெஞ்சு உயரத்துக்குப் பெரிய தாளை டேப் போட்டு ஒட்டினேன். தாள் பெரிதாக இருக்கணும். இந்த வயசில் விரல் நுனியால் பிடிக்க வராது. கிரயானை முழுக் கையாலும் பற்றி, தோளிலிருந்தே வீசித்தான் கிறுக்குவார்கள். சின்ன நோட்டில் அது எப்படி அடங்கும்? கிரயானும் தடியாக இருந்தால் சட்டென்று உடையாது. ஸ்கெட்ச் பேனா இப்போதைக்கு வேண்டாம், அதன் மூடி நேராக வாய்க்குத்தான் போகும்.

கீழே பழைய பெட்ஷீட், அவளுக்கு என் பழைய டீ-ஷர்ட். தண்ணீரில் கழுவினால் போகிற பெயின்ட், ஒரு நேரத்துக்கு இரண்டே நிறம். முதல் நாள் ஆசையாக ஆறு நிறம் வைத்தேன். ஐந்தே நிமிஷத்தில் எல்லாம் சேர்ந்து சேற்று நிறம். (அவளுக்கு அதுதான் பிடித்தது, அது வேற கதை.)

நேற்று தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொப்பை முழுக்க நீலம் பூசிக்கொண்டு வந்து நின்று, "அப்பா, பாரு" என்கிறாள்.