அடுத்த ரெய்டு

ஆகஸ்ட் 3
மாலைக் கபடிப் பயிற்சியில் என் ஒன்பதாம் வகுப்பு ரெய்டரின் நெற்றி, எதிரணிப் பையனின் முட்டியில் மோதிவிட்டது. அரை நிமிடம் மண்ணில் உட்கார்ந்திருந்தான். "ஒண்ணுமில்லைங்க சார்" என்று எழுந்தான். மயக்கமில்லை, ரத்தமில்லை. முகத்தில் தண்ணீர் அடித்து உள்ளே அனுப்பினேன். அடுத்த ரெய்டிலேயே இரண்டு பாயிண்ட்! முதுகில் தட்டிக்கொடுத்தேன். கிளம்பும்போது ஸ்கோர் என்னவென்று கேட்டான். பஸ் ஏறும்போது திரும்ப அதையே கேட்டான். குறும்பு.

ஆகஸ்ட் 4
குறும்பில்லை. இரவில் இரண்டு தடவை வாந்தி, காலையில் வெளிச்சம் பட்டாலே தலைவலி. சி.டி. ஸ்கேன் நார்மல். "அப்ப ஞாயித்துக்கிழமை மேட்சுக்கு வருவானுங்களா சார்?" என்றார் அவன் அம்மா. டாக்டர் முந்திக்கொண்டார்: ஸ்கேன் காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான், கன்கஷன் அதில் தெரியாது. மண்டைக்குள் மூளை குலுங்கி, அதன் வேலை கொஞ்ச நாள் தடுமாறும். பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லையாம். அது ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால், அரிதாகச் சிறுவர்களுக்கு மூளை வீங்கி உயிரே போகலாம்.

இன்னொரு அடி வாங்கத்தான் நேற்று அவனை உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5
தூக்கமில்லை. 2020 டிசம்பரில் கான்பெரா டி20 ஞாபகம் வந்தது. நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு அது முதல் சர்வதேச டி20, அதனால் ஒரு பந்து விடாமல் பார்த்தேன். கடைசி ஓவரில் ஹெல்மெட்டில் அடி வாங்கியும் ஜடேஜா ஆடி முடித்தார். அப்புறம் அவருக்குப் பதில் சஹால் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார். "நல்ல தந்திரம்" என்று சிரித்தவன் நான். அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரும் என்று அன்று யார் கண்டது? சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படி ஆள் மாற்ற 2019ல்தான் விதி வந்தது. கபடியில் எனக்கு எந்தப் புது விதியும் வேண்டியிருக்கவில்லை. மாற்று ஆட்கள் அஞ்சு பேர் கோட்டுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 10
ஆறு பாயிண்டில் தோற்றோம். "அவன் இருந்திருந்தா..." என்றார் ஒரு பையனின் அப்பா. பதில் சொல்லவில்லை.

அவன் முதல் இரண்டு நாள் ஓய்வு, செல்போன் கிடையாது (அதற்குத்தான் அழுதானாம்). இப்போது அரைநாள் பள்ளி. இருட்டறையில் படுத்தே கிடக்க வேண்டாம், மெல்ல நடக்கலாம். முழுநாள் வகுப்பு பழகிய பிறகு ஓட்டம், பிறகு யாரும் தொடாமல் தனியாக ரெய்டு, டாக்டர் சரி என்ற பிறகே பிடி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். இந்த வயதில் நாலு வாரம்கூட ஆகலாம்.

ஆகஸ்ட் 21
காந்தி மைதானத்தில் மெதுவோட்டம். மூன்றாவது சுற்றில் தானாக நின்றான்.
"லேசா வலிக்குதுங்க சார்."
சரி, நாளைக்கு மறுபடி நடைதான் என்றேன். முட்டி பேடைக் கழற்றப்போனவன், காலில் பேடே இல்லை என்று தெரிந்து சிரித்தான்.