சீ வேறு, ச்சே வேறு

விடிகாலையில் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட முடியாது, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்க முடியாது. பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழியும். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் சேர்ந்ததையும் மழை அடித்துக்கொண்டு போகும். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் வானத்தைப் பார்த்து 'ச்சே' என்பார்கள். அன்றைய சம்பளம் போச்சு. ஆனால் மழையைப் பார்த்து யாரும் 'சீ' என்றதில்லை.

எங்கள் பாட்டி மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். மங்கு கவிழ்ந்தால் ச்சே, பஸ் போய்விட்டால் ச்சே. யார் மேலும் குற்றமில்லாத நஷ்டத்துக்கு அது. சீ என்பதை அழுக்குக்கும் நாற்றத்துக்கும் சொல்வார். மற்றபடி அது ஆளுக்குத்தான். நாள் முழுக்க 'மூதேவி', 'கட்டையில போறவனே' என்று திட்டுவார், நாங்கள் சிரித்துக்கொண்டே ஓடுவோம். சித்தப்பா ஒருநாள் குடித்துவிட்டு வந்து, அடகு வைக்கச் சித்தியின் தாலியைக் கேட்டபோது மட்டும் திட்டவில்லை. 'சீ' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு ரொம்ப நாள் சித்தப்பா பின்வாசல் வழியாகத்தான் வந்து போனார்.

இதே சீயைக் குழைத்துச் சொன்னால் கதையே வேறு. புதுப்பெண்ணிடம் மாப்பிள்ளையைப் பற்றிக் கேலி பேசிப் பாருங்கள், 'சீ, போங்கண்ணி' என்பாள். அதில் போய் வெறுப்பைத் தேட முடியுமா?

அகராதி இன்னும் வேடிக்கை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் சீ என்பதற்கு இகழ்ச்சியும் உண்டு, சீழும் உண்டு, திருமகளும் உண்டு. ஸ்ரீரங்கம் சீரங்கம் ஆன மாதிரி ஸ்ரீ சீ ஆனதால் கிடைத்த மரியாதை அது. பாட்டி கேட்டிருந்தால், 'மகாலட்சுமிய எங்க கொண்டுபோய் உட்கார வெச்சிருக்கான் பாரு' என்றிருப்பார்.

மலாய்க்காரர்களிடம் 'சிஸ்' இருக்கிறது. பழைய ராஜா காலத்துப் படங்களில் கிரிஸ் கத்தியை உருவிக்கொண்டு சொல்வது. அன்றாடத்துக்கு 'செஹ்'. யாராவது பீற்றிக்கொண்டால் நக்கலாக வரும். அண்ணன் மகன், புது மோட்டார் சைக்கிள் வாங்கிய கூட்டாளியிடம் 'ச்சே, கெத்துதாண்டா' என்கிறான். அது தமிழ் ச்சேயா மலாய் செஹ்ஹா என்று அவனுக்கே தெரியாது. எனக்கு அதில் வருத்தமில்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தால் ஒட்டத்தான் செய்யும்.

சின்னப் பிள்ளைகளிடம் சீ சொல்வதுதான் எனக்கு ஆகாது. போன வாரம் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், சட்டையில் செண்டோல் என்னும் இனிப்புப் பானத்தைக் கொட்டிய பிள்ளையைப் பார்த்து ஓர் அம்மா அப்படிச் சொன்னார். பிள்ளை கையிலிருந்த மிச்சத்தையும் குடிக்கவில்லை. செண்டோலுக்கு ஒரு ச்சே போதும். சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம்.