சூர்யகிரண் சிவப்பு

சாம்பல் ப்ரைமர் (அடிப்பூச்சு) மேல் சிவப்பு அடித்தால் செங்கல் நிறம்தான் வரும். சிவப்பு, மஞ்சள் பெயின்டுகளுக்கு அடிநிறத்தை மறைக்கும் சக்தி குறைவு. அதனால் இந்திய விமானப்படையின் வான்சாகச அணியான சூர்யகிரணின் ஹாக் விமானத்தை மாடலாகச் செய்யும்போது, அதற்கு முதலில் முழுக்க வெள்ளைதான்.

1996-ல் இந்த அணி தொடங்கியபோது ஓட்டியது எச்.ஏ.எல். நிறுவனத்தின் கிரண் விமானம். இப்போது ஓட்டுவது ஹாக் எம்.கே.132. 2024 அக்டோபரில் மெரினாவில் தலைக்கு மேலே போன அதே சிவப்பு வெள்ளை. 72-ல் ஒரு பங்கு அளவு மாடலில் இறக்கை நுனிக்கு நுனி 14 சென்டிமீட்டர்கூட இல்லை. சிவப்பும் வெள்ளையும் சேரும் கோடு அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் கண்ணில் குத்தும்.

வெள்ளை நன்றாகக் காய்ந்ததும், வெள்ளையாகவே இருக்க வேண்டிய இடங்களில் டேப் ஒட்டி, அதன் ஓரத்தில் மறுபடி மெல்லிசாக வெள்ளையே அடிப்பேன். கசிந்தால் வெள்ளைமேல் வெள்ளை, தெரியாது. அப்புறம்தான் சிவப்பு, மூன்று நான்கு மெல்லிய பூச்சாக. முதல் பூச்சு வெளிறிய ரோஜாப்பூ மாதிரி இருக்கும். அவசரப்பட்டு அப்பக் கூடாது.

சென்னையில் இதற்கு ஐப்பசி, கார்த்திகை சரிப்படாது. நான் அடிக்கும் லாக்கர் (lacquer) வகை பெயின்டில் இருக்கும் கரைப்பான் சட்டென ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படியும். பளபளப்பு போய் வெள்ளைப் புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும். திருவான்மியூரில் கடல் பக்கம் வீடு, கேட்கவே வேண்டாம். மாசியில் வெயில் ஏறிய பிறகு, பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அடிப்பதுதான் எனக்குப் பிடித்த நேரம்.

டேப்பை உரிக்கும்போது பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுங்கள். அந்தக் கோடு கூர்மையாக வெளிப்படும் நொடிக்காகவே இதைச் செய்கிறேன். அடுத்த மாடல், ஆரஞ்சு நிறத்தில் அந்தப் பழைய கிரண்.